துறைக்கு ஒரு ரெஸ்யூமே: ஒரே அனுபவத்தை ஐந்து விதமாக எழுதுவது எப்படி

கோவையில் ஒரு நூற்பாலை, அடுத்து ஒரு மருத்துவமனை, கடைசியாக ஒரு மென்பொருள் நிறுவனம் என மூன்று இடங்களில் ஆள் எடுக்கும் பிரிவில் வேலை பார்த்தேன். மூன்றிலும் என் மேசைக்கு வந்த ரெஸ்யூமேக்கள் ஒரே அச்சில் வார்த்தவை. மேலே பெயர். அதன் கீழே "சவாலான சூழலில் என் திறமையை வெளிப்படுத்தி" என்று தொடங்கும் குறிக்கோள் வாசகம். பிறகு பட்டப்படிப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை மதிப்பெண் அட்டவணை, பொழுதுபோக்கு, தகப்பனார் பெயர், அடியில் "மேற்கண்ட விவரங்கள் யாவும் உண்மை" என்ற உறுதிமொழி.

வாசித்தவர்கள் மட்டும் ஒரே மாதிரி வாசிக்கவில்லை. நூற்பாலையின் உற்பத்தி மேலாளர் எந்த மெஷின், நூலின் பருமனைச் சொல்லும் எந்த கவுண்ட் என்று தேடுவார். ரிங் பிரேம், ஆட்டோகோனர், 40-ஆம் கவுண்ட் என்ற சொற்கள் கண்ணில் பட்டால் அந்தத் தாளைத் தனியே எடுத்து வைப்பார். மருத்துவமனையின் செவிலியர் கண்காணிப்பாளர் முதலில் பதிவு எண்ணைத் தேடுவார். அது இல்லாத தாளில் இரண்டாம் பக்கத்தைப் புரட்டவே மாட்டார். மென்பொருள் குழுத் தலைவர் மதிப்பெண் அட்டவணையைத் தாண்டி நேரே ப்ராஜெக்ட் பகுதிக்குப் போவார்.

ஒருவரை நம்புவதற்கு ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஒரு சான்று கேட்கிறது. பெரும்பாலானோரின் அனுபவத்துக்குள் அந்தச் சான்று ஏற்கெனவே இருக்கிறது. வாசிப்பவர் பழகிய சொல்லில், அவர் கண் முதலில் விழும் இடத்தில் அதைக் கொண்டுவந்து வைப்பதுதான் வேலை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர்களின் ரெஸ்யூமேக்களைத் திருத்திக் கொடுக்கிறேன். அவர்களில் கோபிசெட்டிபாளையம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணின் கதையை வைத்தே இந்த வழிமுறையைச் சொல்கிறேன். வேதியியல் பட்டதாரி. பெருந்துறை சிப்காட்டில் துணிக்குச் சாயமேற்றும் ஆலை ஒன்றின் லேபில் இரண்டு ஆண்டு வேலை பார்த்தவர். "மேடம், நான் செய்ததெல்லாம் சாய வேலை. மருந்து கம்பெனிக்கு நான் எதை எழுதுவது?" என்று கேட்டார். அவர் கொண்டுவந்த தாளில் அந்த இரண்டு ஆண்டுகளும் ஒரே வரியில் முடிந்திருந்தன: லேப் கெமிஸ்ட்டாகப் பணியாற்றி, லேப் தொடர்பான அனைத்து வேலைகளையும் செய்தேன்.

முதலில், யாருக்கும் அனுப்பாத ஒரு குறிப்பு

ரெஸ்யூமேயைத் துறைக்கு ஏற்ப மாற்ற வேண்டுமானால், மாற்றுவதற்குக் கையில் சரக்கு வேண்டும். ஆகவே யாருக்கும் அனுப்பப் போகாத ஒரு நீண்ட குறிப்பை முதலில் எழுதுங்கள். எட்டுப் பக்கம் ஆனாலும் பரவாயில்லை. தமிழிலேயே எழுதச் சொல்வேன். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும் நம் பிள்ளைகள் யாரோ எழுதிவைத்த வாசகங்களுக்குள் புகுந்துகொள்கிறார்கள். தமிழில் கேட்டால், காலை ஷிப்டில் என்ன நடக்கும் என்பதை அப்படியே சொல்கிறார்கள்.

அந்தப் பெண்ணிடம் கேட்டுக் கேட்டு எழுதினோம். லேபுக்குள் நுழைந்ததும் முதல் வேலை என்ன? பிஎச் மீட்டரை பஃபர் கரைசலில் வைத்துச் சரிபார்ப்பது. அடுத்து? வாடிக்கையாளர் அனுப்பிய துணித் துண்டின் நிறத்தை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் அளந்து, சாயக் கலவையின் விகிதத்தை எடுத்து, லேப் டிப், அதாவது ஒப்புதலுக்கு அனுப்பும் சிறு சாய மாதிரி போடுவது. ஒரு நாளைக்கு எத்தனை? பன்னிரண்டு முதல் பதினைந்து வரை. முதல் முறையிலேயே ஒப்புதல் ஆனவை? பத்துக்கு ஏழு. அது எப்படித் தெரியும்? பதிவேட்டில் இருக்கிறது, மாதக் கடைசியில் நான்தான் கூட்டிக் கொடுப்பேன். யாருக்கு? லேப் மேலாளருக்கு. சாயமேறிய துணியை என்ன செய்வீர்கள்? சலவைக்கும் உராய்வுக்கும் நிறம் நிற்கிறதா என்று சோதிப்பேன்.

கழிவுநீர் பக்கம் போனதுண்டா என்று கேட்டேன். "இல்லை மேடம், அது ஈடிபி (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு) ஆட்களின் வேலை. அவர்கள் கொண்டுவரும் மாதிரிக்கு டிடிஎஸ் (கரைந்த திடப்பொருள்), சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை) மட்டும் நான் பார்த்துக் கொடுப்பேன்" என்றார். இரண்டு ஆண்டு அனுபவத்தில் இன்னொரு துறைக்கே கதவு திறக்கும் வரி இது. சொன்னவருக்கு அது ஒரு வேலையாகவே தோன்றியிருக்கவில்லை.

உங்கள் குறிப்பிலும் இதையெல்லாம் எழுதுங்கள்: சேர்ந்த தேதி, விலகிய தேதி, கையாண்ட கருவிகள், மென்பொருள்கள், ஒரு நாளைக்கு அல்லது ஒரு மாதத்துக்கு எவ்வளவு, எந்தப் பதிவேட்டை யார் பார்வைக்கு எழுதினீர்கள், ஏதாவது கெட்டுப்போனபோது என்ன செய்தீர்கள், புதிதாக வந்த யாருக்காவது கற்றுக் கொடுத்தீர்களா. பிறர் வேலையை இடையிடையே பார்த்திருந்தால் அதையும் சேருங்கள். எண் எழுதும்போது அது எங்கிருந்து வந்தது என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். எங்கிருந்து என்று சொல்ல முடியாத எண்ணை ரெஸ்யூமேக்குக் கொண்டுபோகாதீர்கள். நேர்காணலில் முதல் கேள்வி அதன்மேல்தான் விழும்.

இன்னும் வேலைக்கே போகாதவர்களுக்கும் சரக்கு உண்டு. கடைசி ஆண்டு ப்ராஜெக்டில் நீங்கள் தனியாகச் செய்த பகுதி, 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் முடித்த பயிற்சி, நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் கணக்கு பார்த்தது, அப்பாவின் மளிகைக் கடையில் கொள்முதல் நோட்டு எழுதியது எல்லாம் குறிப்பில் வரட்டும். எதை எங்கே எடுப்பது என்பதைப் பிறகு பார்ப்போம்.

விளம்பரத்தை வாசிக்கும் முறை

நீங்கள் விரும்பும் பதவிக்கு வெவ்வேறு நிறுவனங்கள் கொடுத்த ஐந்தாறு விளம்பரங்களை எடுத்து அருகருகே வையுங்கள். எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வரும் சொற்களை அடிக்கோடிடுங்கள். அதுதான் அந்தத் துறையின் பேச்சு. ஒரே ஒரு விளம்பரத்தில் மட்டும் வரும் சொல் அந்த நிறுவனத்தின் தனித் தேவை. கட்டாயம் என்று கேட்பதையும் இருந்தால் நல்லது என்று கேட்பதையும் பிரித்துக் குறியுங்கள். வேலைகளின் பட்டியலில் முதலில் வருவதற்கே பெரும்பாலும் அதிக எடை. அந்த வரிக்கு உங்கள் குறிப்பில் விடை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்.

நீங்கள் செய்த வேலைக்கு அவர்கள் வேறு பெயர் வைத்திருந்தால் அவர்கள் பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். செய்யாத வேலையின் பெயரை எடுக்காதீர்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டை நீங்களே காக்க வேண்டும், வேறு யாரும் காக்க மாட்டார்கள்.

வேலைவாய்ப்பு இணையதளங்களில் எங்களைப் போன்றவர்கள் சொற்களைத் தட்டித்தான் தேடுகிறோம். சுருக்கப் பெயரைத் தட்டுவாரா, முழுப் பெயரைத் தட்டுவாரா என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே முக்கியமான கருவிக்கும் சோதனைக்கும் இரண்டு பெயரும் ஒரு முறையாவது வரட்டும். பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரிப்பது, கட்டங்களுக்குள் எழுதுவது, திறமைக்கு நட்சத்திரம் போடுவது எல்லாம் பார்க்க அழகு. ஆனால் பல நிறுவனங்களின் கணினி அவற்றைத் தாறுமாறாகப் படிக்கும். சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ரெஸ்யூமே பிடிஎஃப்பில் உள்ள எல்லாவற்றையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே வரிசை குலையாமல் வாசிக்க முடிந்தால் நல்லது. பெயரோ தொலைபேசி எண்ணோ காணாமல் போயிருந்தால் வடிவமைப்பை மாற்றுங்கள்.

ஒரே லேப், ஐந்து துறை

இனி அந்தப் பெண்ணின் இரண்டு ஆண்டுகள். கீழே வரும் மாதிரி வரிகளைத் தமிழில் தருகிறேன். ரெஸ்யூமேயில் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலாவது, திருப்பூரில் உள்ள துணிச் சோதனை லேப். துறை அதிகம் மாறாததால் இது எளிது. இங்கே சோதனையின் தர எண்தான் பேசும். "துணிகளின் நிற உறுதியைச் சோதித்தேன்" என்றால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். "சலவைக்கு ஐஎஸ்ஓ 105-சி06, உராய்வுக்கு ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 முறைப்படி நிற உறுதிச் சோதனை, கிரே ஸ்கேலில் 1 முதல் 5 வரை மதிப்பீடு" என்றால் அந்த லேபின் மேலாளருக்கு நீங்கள் அடுத்த நாளே நின்று வேலை செய்வீர்கள் என்று தெரிந்துவிடும். விளக்குப் பெட்டியில் எந்த ஒளியில் பார்த்தீர்கள், பகல் ஒளியைப் போன்ற டி65-ஆ, கடை விளக்கைப் போன்ற டிஎல்84-ஆ என்பதையும் எழுதலாம். லேப்களுக்குத் தேசிய அங்கீகாரம் தரும் என்ஏபிஎல்லின் அங்கீகாரம் பெற்ற லேபுக்கு விண்ணப்பித்தால் கருவிச் சரிபார்ப்புப் பதிவேடு எழுதியதை மேலே ஏற்றுங்கள். அந்த அங்கீகாரத்துக்கு அடிப்படையான ஐஎஸ்ஓ 17025 தரநிலையில் கருவிச் சரிபார்ப்புக்கும் பதிவுக்கும் பெரிய இடம் உண்டு.

இரண்டாவது, அவர் உண்மையில் விரும்பிய மருந்து ஆலை. தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை. இங்கே நிறமும் லேப் டிப்பும் பின்னால் போக வேண்டும். மருந்துத் துறையில் வேலை செய்வதைப் போலவே செய்ததைப் பதிவு செய்வதும் முக்கியம். பதிவேட்டில் இல்லாத சோதனை அங்கே நடக்காத சோதனை. 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ஷெட்யூல் எம் நல்ல உற்பத்தி நடைமுறைகளை வகுக்கிறது. அதில் ஆவணங்களுக்கென்றே தனி விதிகள் இருக்கின்றன. ஆகவே அந்தப் பெண்ணின் குறிப்பிலிருந்து வேறு வரிகளை எடுத்தோம்:

"ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் பிஎச் மீட்டரை இரண்டு பஃபர் கரைசல்களால் சரிபார்த்துப் பதிவேட்டில் கையொப்பமிட்டேன். கரைசல்களைத் தயாரித்து, தயாரித்த தேதியும் காலாவதித் தேதியும் எழுதி ஒட்டினேன். எழுதப்பட்ட செயல்முறைப்படி டைட்ரேஷன் செய்தேன். ஒவ்வொரு மாதிரிக்கும் தொகுதி எண்ணுடன் முடிவைப் பதிந்தேன்."

இவை அனைத்தும் சாய ஆலையில் அவர் தினமும் செய்தவை. ஒரு வரியும் புதிதாகக் கட்டவில்லை. ஆனால் மருந்து ஆலைக்காரர் இதை வாசிக்கும்போது, பதிவேட்டுப் பழக்கம் உள்ள ஒரு கெமிஸ்ட் தெரிகிறார். கலவையில் உள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியைப் பெரும்பாலான மருந்து ஆலை விளம்பரங்கள் கேட்கின்றன. சாய ஆலையில் அது இல்லை. கல்லூரியில் ஒரு செய்முறை வகுப்பில் ஆசிரியர் இயக்கப் பார்த்திருக்கிறார். அதைத் திறமைப் பட்டியலில் போட்டுவிடலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். கல்விப் பகுதியில் "எச்பிஎல்சி செய்முறை விளக்கம் கண்டது" என்று எழுதலாம். அதன் பிரிப்புக் குழாயான காலம் (column) பற்றியும், அதில் ஓடும் கரைப்பானான மொபைல் ஃபேஸ் பற்றியும் இரண்டு கேள்வி கேட்டால் பதில் சொல்லப் படித்துவிட்டுப் போக வேண்டும். அதற்கு மேல் ஒரு சொல்லும் ஏற்றக் கூடாது. கருவிக்கு முன்னால் நிறுத்திச் செய்துகாட்டச் சொல்லும் ஆலைகள் உண்டு.

மூன்றாவது, நீர்ச் சுத்திகரிப்பு. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய ஆலைகளை மூடும்படி உத்தரவிட்டதை எங்கள் பகுதியில் யாரும் மறக்கவில்லை. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் ஆலை ஓடும் என்ற நிலை வந்தது. அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள், ஆர்ஓ, ஆவியாக்கிகள், உப்பு மீட்பு என்று ஒரு தனி வேலை உலகமே இங்கு வளர்ந்திருக்கிறது. அங்கே தினமும் நீரைச் சோதிக்க கெமிஸ்ட் வேண்டும். சாயக் கழிவுநீர் எதனால் கெடுகிறது என்று தெரிந்தவர் கிடைத்தால் அவர்களுக்கு அதிர்ஷ்டம். அந்தப் பெண் ஒரு வேலையாகவே கருதாத வரியை இந்த ரெஸ்யூமேயில் முதல் வரியாக வைத்தோம்: "சாய ஆலைக் கழிவுநீரின் உள்வரும், வெளியேறும் மாதிரிகளில் பிஎச், டிடிஎஸ், சிஓடி சோதனை, முடிவுகளைச் சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டருக்குத் தினசரி அளித்தது." அடுத்த வரியில், எந்த வகைச் சாயமேற்றலில் உப்பு அதிகம் சேர்கிறது என்ற அவருடைய அறிவு வந்தது. லேப் டிப் ஒரே சொல்லாகச் சுருங்கியது. சொல்லப்போனால் மருந்து ஆலைக்கு முன்பு இங்கிருந்துதான் அவருக்கு அழைப்பு வந்தது.

நான்காவது, ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். இது லேபுக்கு வெளியே. வாடிக்கையாளரோடு மின்னஞ்சலில் பேசி, மாதிரிக்கு ஒப்புதல் வாங்கி, கப்பலேறும் தேதிக்குள் எல்லாவற்றையும் நகர்த்தும் வேலை. இங்கே பிஎச் மீட்டரை யாரும் கேட்க மாட்டார்கள். முன்பு பின்னுக்குத் தள்ளிய எண் இப்போது முன்னால் வருகிறது: "நாளொன்றுக்கு 12 முதல் 15 லேப் டிப், பத்துக்கு ஏழு முதல் முறையிலேயே வாடிக்கையாளர் ஒப்புதல் பெற்றவை." ஒப்புதல் தாமதமானால் சாயமேற்றல் தள்ளும், அதனால் தையல் தள்ளும், கடைசியில் கப்பல் தவறிவிடும் என்று மெர்ச்சண்டைசருக்குத் தெரியும். அந்த ஒரு எண்ணின் விலை அவருக்குப் புரியும். நிராகரிப்புக்குக் காரணம் கேட்டு மெர்ச்சண்டைசர்களோடு பேசியது, ஒரே நேரத்தில் பல ஆர்டர்களைத் தேதிவாரியாக எக்செலில் பின்தொடர்ந்தது, ஆங்கில மின்னஞ்சலுக்கு வரைவு எழுதிக் கொடுத்தது ஆகியவை அடுத்தடுத்து வந்தன.

ஐந்தாவது, மெடிக்கல் கோடிங், அதாவது மருத்துவப் பதிவுகளைக் குறியீடுகளாக மாற்றும் வேலை. தோழிகள் சிலர் அதில் சேர்ந்திருந்ததால் இதையும் கேட்டார். இங்கே நேராகச் சொன்னேன்: சாய ஆலையின் இரண்டு ஆண்டுகளுக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். நோய்களுக்கான ஐசிடி-10-சிஎம், சிகிச்சைகளுக்கான சிபிடி குறியீடுகளில் பயிற்சி எடுத்திருந்தால் அதுதான் தாளின் தலைப்பகுதி. உடற்கூறியல், மருத்துவச் சொற்கள் படித்தது அடுத்து. இரண்டு ஆண்டுகளும் நீண்ட நேரம் உட்கார்ந்து பிழையின்றிப் பதிவு செய்யக்கூடியவர் என்பதற்குச் சான்றாக மட்டும் நிற்கட்டும். பயிற்சியும் இல்லாமல், உயிரியலும் படிக்காமல் ரெஸ்யூமேயை எவ்வளவு திருத்தினாலும் பயனில்லை. சில துறைகளுக்கு முதலில் படிப்பு, பிறகுதான் தாள். இதைச் சொல்லாமல் காசு வாங்கிக்கொண்டு தாளை மட்டும் அழகாக்கித் தருபவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

வேறு சில துறைகள்

கணக்குப் பிரிவுக்கு எழுதும்போது "டேலி தெரியும்" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த ரிட்டர்னை நீங்களே தயாரித்தீர்கள், எத்தனை வாடிக்கையாளருக்கு என்று எழுதுங்கள். மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி என்று ஓடிப் பழகியவருக்கும் பயிற்சி வகுப்பில் திரையில் பார்த்தவருக்கும் உள்ள வேறுபாடு ஆடிட்டருக்கு ஒரே வரியில் தெரிந்துவிடும். பேங்க் ரீகன்சிலியேஷன், டிடிஎஸ் (வரிப் பிடித்தம்), இ-வே பில் ஆகியவற்றில் எதை மற்றவர் சரிபார்த்தார், எதை நீங்களே முடித்தீர்கள் என்பதையும் பிரித்துக் காட்டுங்கள்.

கோவை, ஓசூர் பக்கம் மெஷின் ஷாப்புக்குப் போகிறவர்கள் சிஎன்சி மெஷினை இயக்கும் கன்ட்ரோலரின் பெயரைத் தவறாமல் எழுத வேண்டும், ஃபேனக்கா சீமென்ஸா என்று. எந்த உலோகம், எத்தனை மைக்ரான் துல்லியம், அளந்தது எதனால், ப்ரோகிராம் நீங்கள் எழுதியதா அல்லது ஆஃப்செட் மட்டும் திருத்தினீர்களா? வாகன உதிரிபாக ஆலை என்றால் வாகனத் துறைத் தரநிலையான ஐஏடிஎஃப் 16949 தணிக்கையின்போது உங்கள் மெஷினில் எந்த ஆவணத்தை நீங்கள் பராமரித்தீர்கள் என்ற ஒரு வரி நல்ல பலன் தரும். ஐடிஐ முடித்தவர்கள் ஒரே பக்கத்தில் முடித்துக்கொள்ளுங்கள். ஃபோர்மேன் நின்றுகொண்டே வாசிக்கிறார்.

செவிலியர்கள் தமிழ்நாடு நர்சஸ் கவுன்சில் பதிவு எண்ணைப் பெயருக்கு அடுத்த வரியிலேயே எழுதுங்கள். பிறகு எந்தப் பிரிவு, எத்தனை படுக்கை, ஒரு ஷிப்டில் உங்கள் பொறுப்பில் எத்தனை நோயாளிகள். ஐசியு என்றால் வென்டிலேட்டர், இன்ஃப்யூஷன் பம்ப் கையாண்டதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "அன்பும் பொறுமையும் உடையவர்" என்பதை விட்டுவிடலாம்; நேரில் ஐந்து நிமிடத்தில் அது தெரிந்துவிடும். வளைகுடாவுக்கோ இங்கிலாந்துக்கோ விண்ணப்பிக்கும்போது அந்த நாட்டு உரிமத் தேர்வில் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள் என்பது முதல் பக்கத்திலேயே வர வேண்டும்.

பள்ளி ஆசிரியருக்கு பி.எட்., டெட் தேர்ச்சி, எந்த வாரியப் பாடத்திட்டம், எந்த வகுப்புகள். கல்லூரிக்கு நெட், செட், பிஎச்.டி. தகுதி மேலே, கட்டுரைகள் அடுத்து, பக்கக் கணக்கு பார்க்க வேண்டாம். ஒன்றிரண்டு பக்கத்தில் அடக்கும் விதி கல்லூரிக்குப் பொருந்தாது.

மென்பொருளுக்கு மாற விரும்பும் பிற துறையினர் பழைய அனுபவத்தை ஒளித்துவைப்பதைப் பார்க்கிறேன். அது வேண்டாம். மில்லில் உற்பத்திக் கணக்கு எழுதியவர் அதே கணக்குக்கு ஒரு சிறிய மென்பொருள் செய்து, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஏற்றி, அந்த முகவரியைப் பெயருக்குக் கீழே கொடுத்தால், கடையில் பொருள் விற்கும் மாதிரி ப்ராஜெக்டுகளுக்கு நடுவே அது தனித்து நிற்கும். எந்தச் சிக்கலைத் தீர்க்கச் செய்தார் என்று அவரால் சொல்ல முடியும்.

அரசு வேலைக்கு இந்த வழிமுறை எதுவும் தேவைப்படாது. டிஎன்பிஎஸ்சிக்கு நிரந்தரப் பதிவும் விண்ணப்பப் படிவமும்தான்.

நம் ஊர்ப் பழக்கங்கள்

தகப்பனார் பெயர், மதம், சாதி, திருமண நிலை ஆகியவற்றைத் தனியார் துறை ரெஸ்யூமேயில் இருந்து எடுத்துவிடுங்கள். வேலைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அமெரிக்கா, இங்கிலாந்து நிறுவனங்களுக்குப் புகைப்படமும் பிறந்த தேதியும்கூட வேண்டாம். ஜெர்மனியில் புகைப்படம் வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. வளைகுடா நாட்டு வேலைகளுக்குப் புகைப்படம், பாஸ்போர்ட் காலாவதித் தேதி, இசிஆர் நிலை (வெளிநாட்டு வேலைக்குப் போக அரசின் குடியேற்ற அனுமதி தேவையா என்பது) கேட்கிறார்கள். அங்கே அவற்றைக் கொடுங்கள். உறுதிமொழி வாசகத்தை எந்தத் துறையிலும் நான் தேடியதில்லை.

நம் பெயர்களின் முதலெழுத்து பெரிய தொல்லை. மதிப்பெண் சான்றிதழில் முதலெழுத்து பின்னால், ஆதாரில் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். உள்நாட்டு வேலைக்குச் சான்றிதழில் உள்ளபடி எழுதுங்கள், வெளிநாட்டு வேலைக்குப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி. மின்னஞ்சல் முகவரியும் அதே பெயரில் இருக்கட்டும்.

அரியர் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எல்லாம் முடித்துவிட்டால் பழைய அரியர் எண்ணிக்கையை எழுத வேண்டியதில்லை. படித்து முடித்த ஆண்டும் இறுதி மதிப்பெண்ணும் போதும். கையில் இன்னும் நிலுவை இருந்தால் "ஒரு தாள் நிலுவை, தேர்வு எழுதியாயிற்று" என்று எழுதிவிடுங்கள். நேர்காணலில் தெரிவதைவிடத் தாளில் தெரிவது மேல்.

குரூப் 2, குரூப் 4 தேர்வுக்குப் படித்த ஆண்டுகளை மறைக்க வேலை செய்ததாகப் பொய் எழுதாதீர்கள். வேலை கிடைத்த பிறகு பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும். பிஎஃப் கணக்கில் எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்து எப்போது விலகினீர்கள் என்பது யுஏஎன் எண்ணின்கீழ் வரிசையாக இருக்கிறது. மாதம் மாறினால்கூடக் கேள்வி வரும். "2022–2024: அரசுப் பணித் தேர்வுக்குத் தயாரிப்பு" என்று ஒரு வரி எழுதுங்கள். முதல்நிலைத் தேர்வில் தேறியிருந்தால் அதையும் சேருங்கள். குழந்தை வளர்ப்புக்காக இடைவெளி விட்ட பெண்களும் இப்படியே ஒரு வரியில் சொல்லிவிட்டு, மீண்டும் வரத் தயாராக என்ன படித்தார்கள் என்பதை அடுத்த வரியில் வைக்கலாம். இந்த இடைவெளிக்காக வெட்கப்பட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை என்பதை உறுதியாகச் சொல்கிறேன். மூன்று நிறுவனங்களிலும் அப்படி வந்தவர்களை நான் எடுத்திருக்கிறேன், நன்றாக வேலை பார்த்தார்கள்.

குறிக்கோள் வாசகத்துக்குப் பதிலாகத் தாளின் மேலே இரண்டு வரி எழுதுங்கள். துறைக்குத் துறை முழுதாக மாற வேண்டிய இடம் இதுவே. அந்தப் பெண்ணின் மருந்து ஆலைத் தாளில் இருந்தது இது: "வேதியியல் பட்டதாரி. ஆலை லேபில் இரண்டு ஆண்டுகள் ஈரமுறைப் பகுப்பாய்வு, கருவிச் சரிபார்ப்பு, தொகுதிவாரிப் பதிவு." மெர்ச்சண்டைசர் தாளில்: "சாயமேற்றலையும் துணிச் சோதனையையும் உள்ளிருந்து அறிந்த வேதியியல் பட்டதாரி, வாடிக்கையாளர் நிற ஒப்புதலில் இரண்டு ஆண்டு அனுபவம்." இரண்டிலும் ஒரே ஆள்தான். பட்டமும் ஆண்டுகளும் நிறுவனத்தின் பெயரும் எந்தத் தாளிலும் மாறவில்லை.

அனுப்பும் முன்

துறையில் இருக்கும் ஒருவரிடம் தாளைக் கொடுத்து அரை நிமிடத்தில் திரும்ப வாங்கிக்கொண்டு, என்ன நினைவிருக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் முன்னிறுத்திய சான்று அவர் வாயில் வரவில்லை என்றால் அது தவறான இடத்தில் இருக்கிறது. வீட்டில் இருப்பவர்களிடம் காட்டுவது எழுத்துப் பிழைக்கு உதவும், இதற்கு உதவாது.

கோப்புக்கு உங்கள் பெயரும் பதவியின் பெயரும் இருக்கட்டும். "ரெஸ்யூமே புதியது 3" என்ற பெயரில் வந்த கோப்புகளை என் கணினியில் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போயிருக்கிறது. ஒரு நோட்டில் தேதி, நிறுவனம், எந்தத் தாளை அனுப்பினீர்கள், அந்த விளம்பரத்தின் நகல் எங்கே என்று குறித்து வையுங்கள். விளம்பரத்தை உடனே சேமியுங்கள். அழைப்பு வரும்போது அது இணையத்தில் இருக்காது. சில வாரம் கழித்து, நீங்கள் பஸ்ஸில் நிற்கும்போதுதான் அழைப்பு வரும். எந்த நிறுவனம் என்று கேட்டுக்கொண்டு, பத்து நிமிடத்தில் திரும்ப அழைக்கலாமா என்று அனுமதி கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். நோட்டைப் பார்த்து அவர்கள் கையில் இருக்கும் அதே தாளைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுங்கள்.